'தி இங்கிலிஷ் பேஷண்ட்': ஹிரோஷிமாவை வெட்டினது சரியா?

பியூஸ்புடுங்கி: "நாவலைத் தூக்கிச் சாப்பிட்ட படங்கள்"னு ஒரு பட்டியல் சுத்துது. முதலிடம் 'தி இங்கிலிஷ் பேஷண்ட்', மைக்கேல் ஒண்டாச்சி நாவலை வெச்சு மிங்கெல்லா 1996-ல இயக்கின படம். காரணம்: "தேவையில்லாத ஹிரோஷிமாவை மிங்கெல்லா வெட்டினார்". தேவையில்லையாம்! ஒண்டாச்சி நாவலோட கடைசி அத்தியாயத்துக்குப் பேரே ஆகஸ்ட். பிரிட்டிஷ் படையில குண்டைச் செயலிழக்க வைக்கிற சீக்கியன் கிப், ரேடியோவுல ஹிரோஷிமா செய்தி கேட்கிறான், துப்பாக்கியோட மாடியேறிப் போய், தீயில கருகிக் கிடக்கிற அந்த 'இங்கிலிஷ்' நோயாளிக்கு நேரா நீட்டறான். படத்துல ஆகஸ்ட் எங்கே?

பாலைவனப்பிரியன்: பட்டியல் போட்டது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். 12 பரிந்துரை, 9 ஆஸ்கர். உங்களுக்குப் பிடிக்கலைன்னா அகாடமி அழுதுடுமா?

பியூஸ்புடுங்கி: அந்த 9-ல தழுவல் திரைக்கதை கிடையாது. அது 'ஸ்லிங் பிளேடு'க்குப் போச்சு. நாவலைப் படமாக்கினதுக்குன்னே இருக்கிற விருது ஒண்ணு, அதுதான் வரலை. வசதியா மறந்துட்டீங்க.

பாலைவனப்பிரியன்: படத்தோட கதை ஐரோப்பாவுல போர் முடிஞ்ச கையோட முடியுது. அது 1945 மே 8. ஹிரோஷிமா ஆகஸ்ட் 6. மூணு மாசத்தை எங்கே சொருகறது? ஏற்கெனவே 162 நிமிஷம்.

பியூஸ்புடுங்கி: மே மாசத்துல முடிக்கணும்னு யார் சொன்னது? அதே திரைக்கதைதானே? கதவைச் சாத்திட்டு, "கதவு சாத்தியிருக்கே"ன்னா எப்படி?

வெள்ளித்திரை வேலு: கிப்போட அரசியலைப் படம் அப்படியே முழுங்கிடலை. கிப்ளிங்கோட 'கிம்' நாவலைப் படிக்கிற காட்சியில லாகூர் பீரங்கி பத்தி அவன் சொல்றதைக் கேளுங்க. வீடு வீடா பாத்திரம் வாங்கி உருக்கி வார்த்தது, அப்புறம் எங்க ஆளுங்களையே சுட்டதுன்னு சொல்றான். கிப்பா நடிச்ச நவீன் ஆண்ட்ரூஸ் அதைச் சிரிச்ச முகமாச் சொல்றதுதான் குத்துது.

பியூஸ்புடுங்கி: நல்ல காட்சிதான், இல்லேங்கலை. ஆனா குண்டு விஷயத்துக்கு வாங்க. நாவல்ல கிப் பியூஸை, அதான் குண்டை வெடிக்க வைக்கிற கருவியை, உறைய வைக்கிற இடம் ஞாபகம் இருக்கா? சும்மா அளந்து விட்டதில்லை. ஜெர்மன்காரங்க 1943-ல இறக்கின 'ஒய்' பியூஸுக்குள்ள பேட்டரி, பாதரச ஸ்விட்ச். லேசா ஆட்டினாலே சுற்று மூடிக்கும். வெளியில பார்த்தா பழைய பியூஸ் மாதிரியே இருக்கும். பழைய கருவியை வெச்சு மின்சாரத்தை இறக்கிட்டோம்னு நம்பி உருவினா ஆள் காலி. அதனால பியூஸைச் சுத்திக் களிமண்ணால வரம்பு கட்டி, திரவ ஆக்சிஜனை ஊத்தி, பேட்டரியைச் சாகடிக்கணும். குண்டு மேல ஒரு அடி தூரம் பனி பூக்கணும், ஈரப்பஞ்சை வெச்சா ஒட்டிக்கணும். அப்புறம்தான் வளையத்தைக் கழட்டலாம். சுணங்கினா சூடேறி பேட்டரி திரும்ப உயிர் பிடிக்கும்.
ஒரு குண்டுக்கு இவ்வளவு பாடுபடுறவன்கிட்ட, ஒரே குண்டுல ஒரு ஊரே போச்சுன்னு சொல்றாங்க. அவன் உடையிறது அங்கேதான். படத்துல அவனை உடைக்க, கூட வேலை பார்க்கிற ஹார்டியைச் சாகடிக்கிறாங்க. வெற்றிக் கொண்டாட்டத்துல சிலை மேல ஏறினான், வெடிச்சுது, செத்தான். நண்பன் செத்த சோகம் வேற, ஆகஸ்ட் வேற.

பாலைவனப்பிரியன்: பாடம் நடத்தி முடிச்சாச்சா சார்? பாலத்துக்கடியில கிப் சேத்துத் தண்ணியில குண்டோட கிடக்க, மேல டாங்கி வரிசையா வர்ற காட்சி படத்துலயும் இருக்கு.

பியூஸ்புடுங்கி: இருக்கு. அதிர்வு வந்தா ஏன் பயம்னு ஒரு வரி சொல்லலையே. சஃபோக் பிரபுவையும் காணோம். 1941 மே 12, எரித் சதுப்புல குண்டைப் பிரிக்கும்போது செத்த நிஜ மனுஷன். நாவல்ல கிப்புக்கு வாத்தியார். இங்கிலாந்து மேல கிப்புக்கு இருந்த பாசமே அவரால வந்தது. அவரையும் தூக்கிட்டு ஆகஸ்டையும் தூக்கினா மிச்சம் என்ன? தலைப்பாகை கட்டின அழகான காதலன்.

வெள்ளித்திரை வேலு: மாத்தினதெல்லாம் கெட்டுப் போயிடலை. இத்தாலியில அரெஸ்ஸோ தேவாலயத்துல கிப் தன் காதலி, நர்ஸ் ஹானாவைக் கயித்துல கட்டித் தூக்கி, தீப்பந்த வெளிச்சத்துல சுவரோவியம் காட்டறான். நாவல்ல அங்கே தூக்கறது ஒரு வயசான பேராசிரியரை. எது காதல் படத்துக்குப் பொருந்தும்?

பியூஸ்புடுங்கி: அதாவது பேராசிரியர் போனார், பிரபு போனார், ஆகஸ்ட் போச்சு. கயிறு மட்டும் மிச்சம்.

பாலைவனப்பிரியன்: எழுதின ஒண்டாச்சியே இந்தப் படத்துக்கு ஆதரவா நின்னார். அவரை விட உங்களுக்கு அக்கறையா? போன மாசம் எடிட்டிங் திரியிலயும் இதே அலப்பறை. எடிட்டர் வால்டர் மர்ச் முழுப் படத்தையும் ஃபிலிம்ல வெட்டினார்னு சாதிச்சீங்க.

பியூஸ்புடுங்கி: ஃபிலிம்ல ஆரம்பிச்சார்னுதான் சொன்னேன்.

வெள்ளித்திரை வேலு: பாதியில ஆவிட்டுங்கிற கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்கு மாறினார். டிஜிட்டல்ல வெட்டி எடிட்டிங் ஆஸ்கர் வாங்கின முதல் படம் இதுதான். ஒலிக்கும் சேர்த்து ஒரே ராத்திரி ரெண்டு.

பியூஸ்புடுங்கி: "ஆரம்பிச்சார்"னு நான் எழுதின பதிவு இன்னும் அங்கேயே கிடக்கு, போய்ப் பாருங்க. அந்த நோயாளி அல்மாசியோட கதையும் இப்படித்தான். படத்துல காதலிக்காக வரைபடத்தைக் கொடுத்துட்டுப் பெட்ரோல் வாங்கறான். நிஜ அல்மாசி 1942-ல ரெண்டு ஜெர்மன் உளவாளிகளைப் பாலைவனம் தாண்டி எகிப்துல அஸ்யூத் வரைக்கும் கொண்டு விட்டவர். தீயில கருகிச் சாகவும் இல்லை. 1951, சால்ஸ்பர்க், வயித்துக்கடுப்பு.

பாலைவனப்பிரியன்: அந்தக் கருகின ஆளை எழுதினது உங்க நாவலாசிரியர்தானே? அவர் பண்ணா இலக்கியம், மிங்கெல்லா பண்ணா துரோகமா?

பியூஸ்புடுங்கி: நான் கேட்டது ஆகஸ்ட்.

பாலைவனப்பிரியன்: அல்மாசியை இழுத்தது யாரு, நானா?