ஸ்லைஸுக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நண்பர்களே,
கோல்ஃப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘ஸ்லைஸைத் திருத்துவது எப்படி’ என்ற இயலில் தலைப்பிலேயே நிற்கிறேன். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து நேரே கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து ஓடிவிடும், அதுதான் ஸ்லைஸ். ‘சீவல்’ என்று எழுதிப் பார்த்தேன். பென்சில்தான் நினைவுக்கு வருகிறது.

*

> சீவல்

வேண்டாம். ‘கோட்டம்’ இருக்கிறதே! கோடு என்றால் வளை. ஓடு ஓட்டம் ஆனது போலக் கோடு கோட்டம். யாழின் வளைந்த தண்டைக் குறள் ‘யாழ்கோடு’ என்கிறது. ‘கோடாமை’யும் இதே வேர்தான். மரக்கிளை, யானைத் தந்தம், சங்கு எல்லாமே கோடு. மலையுச்சி ஏன் கோடு என்பது தனி ஆராய்ச்சி, பிறகு எழுதுகிறேன். வலப்பக்கம் போவதால் ‘வலக்கோட்டம்’.

*

> வலக்கோட்டம்

ஐயா, இடக்கை ஆட்டக்காரருக்கு அதே ஸ்லைஸ் இடப்பக்கம் போகும். அவருக்குத் தனி அகராதியா?

தவிர, வளைவு வெறும் அறிகுறி. பந்தைத் தொடும் கணத்தில் கிளப்பின், அதாவது அடிக்கும் மட்டையின் முகம், அது வரும் பாதையைவிடத் திறந்திருப்பதுதான் (வெளிப்பக்கம் திரும்பியிருப்பதுதான்) காரணம். பெரும்பாலும் கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டிக்கொண்டு வரும். எனக்குப் பல மாதம் இருந்த வியாதி இது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கமாகத் திரும்பி நின்றேன். வளைவு இன்னும் கூடியது. இடக்கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரியும்படி பிடித்த பிறகுதான் குறைந்தது. அப்புறம், பந்துக்குச் சற்று அப்பால் கிளப் உறையை வைத்து, அதில் படாமல் அடித்துப் பழகினேன். முதல் நாள் பந்தைவிட உறைதான் அதிக தூரம் போனது.

ஸ்லைஸ் என்றே போடுங்கள். பயிற்சியாளர் கத்துவது அதைத்தான்.

*

இடக்கையர் தடை சரி. அப்படியானால் ‘புறக்கோட்டம்’. ஆட்டக்காரரை விட்டு விலகி வளைவது புறம். எதிர்ப்பக்கம் வளையும் ஹூக் ‘அகக்கோட்டம்’. அகமும் புறமும் நமக்குப் புதிதா?

*

அழகுதான் ஐயா. ஆனால் ‘கிளப் புறமிருந்து அகம் வந்தால் பந்து அகமிருந்து புறம் போகும்’ என்று எழுத நேரும். படிப்பவர் திணை மயங்கிக் கிளப்பைக் கீழே போட்டுவிடுவார். வேண்டுமென்றே இலேசாக வளைக்கும் ஃபேடுக்கு என்ன செய்வீர்கள், குறுங்கோட்டமா?

*

இன்று வெள்ளி. தலைப்பில் ‘புறக்கோட்டம்’, முதல் வரியில் ‘ஸ்லைஸ் எனப்படும் புறக்கோட்டம்’, அப்புறம் முழுக்க ஸ்லைஸ். அனுப்பிவிட்டேன்.

*

அவசரப்பட்டுவிட்டீர்கள். ஹூக்குக்கு ‘உட்கோட்டம்’ குறளிலேயே இருக்கிறது.

*

ஐயா, அங்கே அது மனக்கோணல். ஹூக் அடிப்பவர் என்ன பாவம் செய்தார்?