மறு: டிஸ்ட்ராக்டெட் வாக்கிங் – ‘பராக்கு நடை’ போதாதா?

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் சாலைப் பாதுகாப்புத் தட்டி எழுத, ‘டிஸ்ட்ராக்டெட் வாக்கிங்’ என்பதற்கு, அதாவது செல்பேசியில் மனசை வைத்துவிட்டு ரோட்டில் நடப்பதற்கு, தமிழ்ச்சொல் கேட்டு வந்து நின்றதால்தான் இந்த இழையைத் தொடங்கினேன். வந்த சொற்களுக்கு நன்றி. ஆனால் பாதிச் சொற்கள் தட்டியில் ஏறாது.

> ‘கவனச்சிதறல் நடை’ என்றால் போதும். உளவியலில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

புழங்குகிறது, சரி. போனில் பேசிக்கொண்டே போகிறவனுக்குக் கவனம் எங்கே சிதறியது? ஒரே இடத்தில் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. நிற்கிற இடம் ரோடு இல்லை, அவ்வளவுதான்.

> ‘குனிநடை’ சுருக்கமாக இருக்கிறதே. சீனத்திலும் ‘தலை கவிழ்ந்த கூட்டம்’ என்றுதானே சொல்கிறார்கள்?

திரையைப் பார்த்து நடப்பவருக்கு அது பொருந்தும். காதில் வைத்துப் பேசுகிறவர் நிமிர்ந்துதானே நடக்கிறார்? அமெரிக்காவில் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கோமாளியை ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றவிட்டார்கள். கடந்து வந்தவர்களை நிறுத்தி, ‘கோமாளியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். செல்பேசியில் பேசி வந்தவர்களில் நாலில் ஒருவர்தான் பார்த்தேன் என்றார். ஜோடியாகக் கதை பேசி வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் கண்டிருந்தார்கள். கண் ரோட்டில்தான் இருந்திருக்கிறது, மனசு இல்லை. கழுத்தின் கோணத்தை வைத்துச் சொல் செய்தால் இவர்கள் அத்தனை பேரும் விட்டுப்போவார்கள்.

இனி என் கட்சி. போன வாரம் சாயங்காலம் தருமபுரி நாலு ரோட்டில் நின்றிருந்தேன். காதில் ஒயர், தோளில் பை, ஒரு மாணவி சேலம் பஸ் திரும்புகிற நேரம் பார்த்து இறங்கிவிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்து, ‘ஊட்ல சொல்லிட்டு வந்தியா?’ என்று கத்தினார். அவள் காதில் விழவே இல்லை. பூக்கார அம்மாதான் பைவாரைப் பிடித்து இழுத்தார். ‘பராக்கு பாத்துக்கினு போவாத கண்ணு’ என்றார். நாம் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்ட சொல் அந்தம்மா வாயில் இருந்தது.

பராக்கு நடை. என்ன சொல்கிறீர்கள்?

– தருமபுரியிலிருந்து

* * *

ஐயா,

எனக்கு இரண்டு தடை. பராக்குப் பார்ப்பவன் நாலு பக்கமும் வேடிக்கை பார்ப்பவன்; போனோடு நடக்கிறவனோ ஒன்றையும் பார்ப்பதில்லை. இன்னொன்று, ராஜா வருகையை முன்னால் அறிவிக்கும் கட்டியக்காரன் ‘பராக்! பராக்!’ என்று கூவியது ‘கவனி’ என்பதற்கு. ஒரே சொல் எதிரெதிர்ப் பொருளில் நின்றால் கலைச்சொல் ஆகுமா? ஜப்பானியரைப் போல ‘நடைபோன்’ என்று வைத்துவிடலாமே.

– கிருஷ்ணகிரியிலிருந்து

* * *

அம்மா,

‘பராக்கா இருந்துட்டேன், பால் பொங்கிடுச்சு’ என்கிறோம். அங்கே வேடிக்கை ஏது? மனசு அங்கே இல்லை என்பதுதான் பொருள். கட்டியக்காரன் சங்கதி ருசியானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராஜாவும் போய்க் கட்டியக்காரனும் போய் நாளாயிற்று. நாலு ரோட்டில் யாரும் குழம்ப மாட்டார்கள். ‘நடைபோன்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. நடக்கும்போது பயன்படுத்தும் ஒரு கருவியின் பெயர் மாதிரியும் இருக்கிறது. நாளைக்கே யாராவது அந்தப் பெயரில் விற்பார்கள்.

கிளைச்சொல் விடுகிறதா என்று பார்த்தேன். பராக்குப் பாதசாரி, பராக்கு ஓட்டல் (வண்டி ஓட்டுவது), பராக்கு விபத்து. மூன்றும் வாயில் இடறவில்லை. ‘கவனச்சிதறல் பாதசாரி’யைச் சொல்லிப் பாருங்கள், பாதி ரோடு கடந்துவிடலாம்.

‘பராக்கு’ என்பது வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிகிற சொல், இலக்கணத்தில் வன்தொடர்க் குற்றியலுகரம், அதனால் ‘பராக்குப் பாதசாரி’யில் ப் மிகும், ‘பராக்கு நடை’யில் மிகாது. தட்டி எழுதும் பையன் அந்தப் ப்-ஐ விழுங்கிவிட்டான். நாளைக் காலைக்குள் யாரும் வேறு சொல் தராவிட்டால், புள்ளி வைத்த ப் ஒன்றை இடையில் செருகச் சொல்லிவிடுகிறேன். இடம் கொஞ்சம் நெருக்கம்தான்.