அம்மா வீட்டுக்கே வருகிறேன் என்கிறார், முடியுமா?

ஈசூன்காரன்:
அம்மாவுக்கு 73 வயது. பக்கவாதம் வந்து ஏழு வாரம். வலது கை, கால் வரவில்லை. அடுத்த மாதம் டிஸ்சார்ஜ். தாதிமை இல்லத்துக்கு எழுதிப் போடலாம் என்கிறார்கள். அம்மாவோ இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "வீடு, வீடு" என்கிறார். இப்போது அவருக்கு வாயில் வருவதே அந்த ஒரு சொல்தான். எங்களுடையது சிங்கப்பூரில் மூவறை வீடு, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பணிப்பெண் எடுத்தால் சமாளிக்க முடியுமா? ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

செங்காங் அக்கா:
முடியும் தம்பி. என் வீட்டுக்காரரை ஆறு வருஷமாக வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். நான் சக்கர நாற்காலியை வாங்கிய பிறகுதான் அளந்தேன். உள்ளே நுழையவில்லை! மூன்று வாரம் பேசினில் தண்ணீர் வைத்துக் கட்டிலிலேயே துடைத்துவிட்டேன். அப்புறம் சக்கரம் வைத்த கமோடு நாற்காலி வாங்கினோம், குளிக்கவும் அதுவேதான். கைப்பிடி, வழுக்காத தரை, சரிவுப்பாதை எல்லாம் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டத்தில் கிடைக்கும். குடிமக்களுக்குச் செலவில் பெரும்பங்கை அரசு கொடுக்கிறது.

அடுத்தது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். பணிப்பெண் வந்துவிட்டால் அவரையும் கூட்டிப்போங்கள். அக்குளில் கை கொடுத்து இழுக்கவே கூடாது, வராத தோள் நழுவிவிடும். இடுப்பில் பெல்ட் கட்டி, உங்கள் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, நல்ல பக்கமாகத் திருப்பணும். எங்கள் பணிப்பெண் 45 கிலோ, இவர் 70. தூக்குவது பலமில்லை, பழக்கம்.

தானாகப் புரளாவிட்டால் இரவிலும் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் முதுகில் புண் வரும். அலாரம் யாருக்கு என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் பேசவில்லை, அதற்கே ஒரு சண்டை.

புக்கிட் பாத்தோக்:
காசு பற்றி. வயதானவர் வீட்டில் இருப்பதால் பணிப்பெண்ணுக்காக மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தீர்வை 300 வெள்ளி இல்லை, 60தான். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாடக் காரியங்கள் ஆறில் மூன்றுக்கு எப்போதும் ஆள் துணை வேண்டுமென்றால் வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு ஏஐசியில் (ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு) விண்ணப்பியுங்கள். 2019இல் 200 வெள்ளி, 2023இல் 400 வரை ஆக்கினார்கள், இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். எல்டர்ஷீல்டையும் (கடும் உடற்குறை வந்தால் பணம் தரும் காப்புறுதி) தேடிப் பாருங்கள். 2002இல் 40 முதல் 69 வயது வரை இருந்தவர்களைத் தானாகவே சேர்த்தார்கள், வேண்டாமென்று விலகியிருந்தால்தான் இல்லை. என் அப்பாவுக்கு அது இருந்ததே எங்களுக்கு ஒரு வருஷம் தெரியாது.

ஈசூன்காரன்:
அக்கா, அளந்தேன். கதவு 62 சென்டிமீட்டர். நான் பார்த்து வைத்திருந்த நாற்காலி 64. பிசியோ வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். இன்னொன்று, குளிக்கும்போது நான் பக்கத்தில் நின்றால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

செங்காங் அக்கா:
அது இருக்கும்தானே, தம்பி. பணிப்பெண் வரும்வரை வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுகிற ஆட்கள் உண்டு, ஏஐசியில் கேளுங்கள். பெண் வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள்.