ஒஹாயோ ஸ்டேட் ஐந்து ஸ்டார் பையன்களாக வாங்கிக் குவித்தும் மிச்சிகனிடம் நாலு வருஷம் தோற்றது எப்படி?

கொலம்பஸ்_புதுசு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தெரிந்த அண்ணன்மார் யாராவது விளக்குங்கள். நான் கொலம்பஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மிச்சிகன் மேட்ச் வரும் வாரத்தில் இங்கே ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் இருக்கிற ‘எம்’ எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டி அடித்து வைக்கிறார்கள், அந்த அளவுக்குப் பகை. சரி, அது அவர்கள் பாடு. ஆபீஸில் ஒருவர், எந்தக் கல்லூரி நல்ல பள்ளிப் பையன்களைப் பிடித்தது என்று வரிசைப்படுத்துகிற ரெக்ரூட்டிங் ரேங்கிங் என்று ஒரு பட்டியலைக் காட்டிப் பெருமை பேசுகிறார். அதில் ஒஹாயோ ஸ்டேட் பெரும்பாலும் முதல் ஐந்துக்குள், மிச்சிகன் பத்தாம் இடத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ. ஆனால் 2021, 22, 23, 24 நாலு வருஷமும் ஜெயித்தது மிச்சிகன். அப்படியானால் இந்த ஸ்டார் கணக்கெல்லாம் சும்மாவா? பதினேழு வயசுப் பையனுக்கு ஸ்டார் போடுவது யார்? ஆட்டத்தின் விதிகள் ஓரளவு தெரியும், இந்த ஆள் பிடிக்கிற விவகாரம்தான் பிடிபடவில்லை.

மஞ்சள்நீலம்

நான் மிச்சிகன் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கேற்பக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்டார் போடுவது கல்லூரிகள் இல்லை. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் மாதிரி தளங்கள் ஆள் வைத்து வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் பள்ளி மேட்ச்களையும், கோடை முகாம்களையும், வீடியோக்களையும் பார்த்துப் போடுகின்றன. 247 தளத்தில் ஐந்து ஸ்டார் என்பது வருஷத்துக்கு 32 பேர் கணக்கு. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரரை வரிசையாக எடுக்கிற டிராஃப்டின் முதல் சுற்றில் 32 பேரை எடுப்பதால் அந்த எண்ணிக்கை. அதாவது இந்தப் பையன் மூன்று நாலு வருஷம் கழித்து முதல் சுற்றில் போவான் என்கிற ஜோசியம்தான் ஐந்து ஸ்டார். நாலு ஸ்டார் சில நூறு பேர், மூன்று ஸ்டார் ஒரு பெருங்கூட்டம். இதில் ஒரு கூத்து என்னவென்றால், யாருக்கும் தெரியாத பையனுக்கு அலபாமாவோ ஒஹாயோ ஸ்டேட்டோ ஆஃபர் கொடுத்துவிட்டால் அடுத்த அப்டேட்டில் அவன் மதிப்பு ஏறிவிடுவதும் உண்டு. பெரிய கல்லூரிகள் ரேங்கிங்கைப் பார்த்து ஆள் எடுக்கின்றனவா, அவை எடுப்பதைப் பார்த்து ரேங்கிங் போடுகிறார்களா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இந்த ஜோசியம் எங்கே நன்றாகப் பலிக்கிறது என்றால் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர், அவனைத் துரத்தித் தடுக்கிற கார்னர்பேக் போன்ற இடங்களில். ஓட்டத்தின் வேகமும் உயரமும் பதினேழு வயசிலேயே கண்ணுக்குத் தெரியும். 2024 பேட்ச்சில் நாட்டிலேயே நம்பர் ஒன் என்று சொல்லப்பட்ட ஜெரமையா ஸ்மித் ஃபுளோரிடாவிலிருந்து ஒஹாயோ ஸ்டேட் வந்தார், முதல் வருஷமே எல்லோரையும் வாயைப் பிளக்க வைத்தார். ஆனால் முன்வரிசையில் மோதுகிற லைன்மேன் கதை வேறு. பள்ளியில் இருக்கும்போது அவன் உடம்பு முழுசாக வளர்ந்திருக்காது. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து இவன் கலெக்டர் ஆவானா என்று கேட்கிற மாதிரிதான். மூன்று வருஷம் எடை தூக்கி, சாப்பிட்டு, அடி வாங்கிப் பழகிய பிறகுதான் தெரியும்.

மிச்சிகன் ஜெயித்தது அங்கேதான். நாட்டின் சிறந்த தாக்குதல் லைனுக்குக் கொடுக்கிற ஜோ மூர் விருதை 2021, 2022 இரண்டு வருஷமும் வாங்கியது மிச்சிகன். 2021இல் 42-27 ஜெயித்த மேட்ச்சில் ஹஸான் ஹாஸ்கின்ஸ் ஐந்து டச்டவுன் ஓடினார், அவர் மூன்று ஸ்டார் பையன். 2024இல் 13-10 என்று ஜெயித்தோமே, அதில் ஒஹாயோ ஸ்டேட் நடுவில் ஓட ஓட முட்டி நின்ற சுவரில் ஒருவர் கென்னத் கிராண்ட். பக்கத்து இண்டியானா மாநிலத்து மூன்று ஸ்டார் பையன்தான். 2025 டிராஃப்டில் 13வது ஆளாக மயாமி டால்ஃபின்ஸ் எடுத்தது.

அப்புறம் 2023. மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் லைனின் தூண் ஸாக் ஸின்டர் கால் முறிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், ஸ்டேடியமே வாயடைத்து நிற்கிறது. அடுத்த பந்திலேயே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன். கடைசி நிமிஷத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்கக் கிளம்பி வரும்போது பந்தைப் பிடுங்கி மேட்ச்சை முடித்தவர் ராட் மூர். அவர் எந்த ஊர் தெரியுமா? டேட்டன் பக்கத்தில் கிளேட்டன், அக்மார்க் ஒஹாயோ பையன். மூன்று ஸ்டார். மிச்சிகனுக்காக ஹைஸ்மன் (வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்) விருது வாங்கிய டெஸ்மண்ட் ஹோவர்ட் கிளீவ்லண்ட், சார்ல்ஸ் வுட்சன் ஃபிரீமாண்ட், இருவருமே ஒஹாயோக்காரர்கள். ஒஹாயோ ஸ்டேட் நாடு முழுக்கப் பறந்து ஆள் எடுக்கும்போது சொந்த மாநிலத்தில் கொஞ்சம் நழுவும், அதைப் பொறுக்கிக்கொள்வது எங்கள் பழைய வழக்கம்.

கருஞ்சிவப்பு_ராஜா

அழகாகக் கதை சொன்னீர்கள் பாஸ், பாதியை விட்டுவிட்டீர்கள். எதிரணி ஆடுகிற மைதானத்துக்கே மிச்சிகன் ஆள் அனுப்பி, அந்தக் கோச்சுகள் கைகாட்டும் சிக்னலைப் படம் பிடித்த கதையை யார் சொல்வது? 2023இல் கடைசி மூன்று லீக் மேட்ச்சுக்குக் மிச்சிகன் கோச் ஹார்பாவை, இரண்டு அணியும் ஆடுகிற பிக் டென் லீக் சஸ்பெண்ட் செய்தது எதற்காம்? கேள்வி ரெக்ரூட்டிங் பற்றியது என்பதால் இதையும் சொல்கிறேன். கோவிட் காலத்தில் பள்ளி மாணவர்களை நேரில் பார்க்கக் கூடாது என்று தடை இருந்தபோது பார்த்ததாக வந்த வழக்கில்தான் அதே வருஷம் முதல் மூன்று மேட்ச்சும் அவர் வீட்டில் இருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார் கணக்கு சும்மா இல்லை தம்பி. ஒரு மேட்ச்சில் பொய்யாகலாம், நீண்ட சீசனில் அது தன் வேலையைக் காட்டும். 2024இல் 13-10 தோற்றோம். அன்றைக்கு எங்கள் லைனில் ஜாஷ் சிம்மன்ஸ், செத் மெக்லாக்லின் இருவரும் காயத்தில் வெளியே. அதன் பிறகு நாக்அவுட் சுற்றில் என்ன நடந்தது? டென்னஸியை 42-17, ஓரிகனை 41-21, டெக்ஸஸை 28-14, கடைசியில் நோட்டர் டேமை 34-23. தேசிய சாம்பியன். இறுதி மேட்ச்சில் மூன்றாவது டவுன், இன்னும் 11 யார்டு வேண்டும் என்கிற நெருக்கடியில் ஸ்மித் பிடித்த 56 யார்டு பந்து ஒன்று போதும், ஐந்து ஸ்டார் என்றால் என்ன என்று புரியும். அந்த அணியிலிருந்து 2025 டிராஃப்டில் 14 பேர் போனார்கள். ஆழம் என்றால் இதுதான். இரண்டு பேர் அடிபட்டாலும் நாலு மேட்ச் கழித்து எழுந்து நிற்க ஆள் இருக்கும்.

இன்னொன்று. ஜாக் சாயர் என்று ஒருவர், கொலம்பஸ் பக்கத்து பிக்கரிங்டன் பையன், ஐந்து ஸ்டார். டெக்ஸஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) குவின் யூவர்ஸை இடித்துப் பந்தைப் பறித்து 83 யார்டு ஓடினார். அந்த யூவர்ஸ் யார் தெரியுமா? 2021இல் எங்களிடம் வந்த நம்பர் ஒன் ரெக்ரூட், சாயரோடு ஒரே அறையில் தங்கியவர்! டெக்ஸஸில் பள்ளி மாணவர்கள் விளம்பரப் பணம் வாங்க முடியாது என்பதால் கடைசி வருஷப் பள்ளியை விட்டுவிட்டு சீக்கிரமே இங்கே வந்தார். இரண்டே இரண்டு பிளேக்கு உள்ளே போனார், இரண்டிலும் பந்தைக் கையில் கொடுத்ததோடு சரி, மூட்டை கட்டிக்கொண்டு டெக்ஸஸுக்கே போய்விட்டார்.

கொலம்பஸ்_புதுசு

இருவருக்கும் நன்றி. கேட்டது ஒன்று, வந்தது ஒரு மகாபாரதம், பரவாயில்லை. பணம் என்றதும் இன்னொரு சந்தேகம். கல்லூரி மாணவனுக்குச் சம்பளம் கிடையாது என்றுதானே கேள்விப்பட்டேன்? அப்புறம் நடுவில் கல்லூரி மாறலாம் என்றால் பள்ளியில் கஷ்டப்பட்டு ஆள் பிடிப்பதற்கு என்ன அர்த்தம்?

ஓரமா_பாக்குறவன்

நான் இந்த இரண்டு கட்சியும் இல்லை, இண்டியானாவில் குப்பை கொட்டுகிறேன். அதனால் நடுநிலையாகச் சொல்ல முயல்கிறேன். எங்கள் ஊர்க் கதை வரும்போது நடுநிலை கொஞ்சம் சரியலாம்.

2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், அதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். பேருக்கு விளம்பரம், உண்மையில் பணக்கார ரசிகர்கள் சேர்ந்து நிதி திரட்டி ஆட்டக்காரருக்குக் கொடுப்பது. 2025 ஜூலையிலிருந்து நீதிமன்றச் சமரசத்தின்படி கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரை. முன்பு 85 ஸ்காலர்ஷிப் என்று இருந்த வரம்பு போய் அணிக்கு 105 பேர் என்று மாறியது. கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021இல் ஒரு தடவை மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டாம் என்றார்கள், இப்போது படிப்பு சரியாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம்.

ராஜா பெருமைப்பட்ட 2024 அணியையே பாருங்கள். குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து, ஓட்டக்காரர் குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்து, கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து வந்தவர்கள். அது ரெக்ரூட்டிங் வெற்றியா, போர்ட்டல் வெற்றியா? என் கணக்கில் இரண்டையும் விடப் பெரிய காரணம், என்எஃப்எல் போயிருக்க வேண்டிய சாயர், எமெக்கா எக்பூக்கா, டிரவியன் ஹெண்டர்சன் எல்லோரும் இன்னொரு வருஷம் தங்கியது. எடுத்த ஆளைத் தக்கவைப்பதும் இப்போது ரெக்ரூட்டிங்தான், அதற்கு எந்தத் தளமும் ஸ்டார் போடுவதில்லை.

பட் எலியட் என்று ஒரு எழுத்தாளர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். நாலு வருஷத்தில் ஸ்காலர்ஷிப் கொடுத்து எடுத்த பள்ளிப் பையன்களில் பாதிக்கு மேல் நாலு, ஐந்து ஸ்டார் இருந்தால்தான் தேசிய சாம்பியன் ஆக முடியும் என்பது அது. பல வருஷம் அச்சுப் பிசகாமல் பலித்தது. 2023 சாம்பியன் மிச்சிகனும் அந்தக் கோட்டை ஒட்டித் தாண்டிய அணிதான். புதுசு, உங்கள் கேள்விக்குப் பதிலே இதில் இருக்கிறது. இரண்டு அணியுமே கோட்டுக்கு மேலே. இரண்டாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் இருக்கிற தூரத்தைக் கோச், காயம், அன்றைய குளிர் எல்லாம் சேர்ந்து விழுங்கிவிடும். இரண்டாம் இடத்துக்கும் அறுபதாம் இடத்துக்கும் உள்ள தூரத்தை விழுங்க முடியாது.

அப்படித்தான் நானும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், இண்டியானா வருகிற வரைக்கும். 2023இல் 3-9, அதாவது மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. தோற்பதில் பேர் வாங்கிய அணி. கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து கோச்சாக வந்தார், தன்னோடு அங்கிருந்து 13 ஆட்டக்காரரைக் கூட்டி வந்தார். ஸ்டார் பார்க்கவில்லை. கல்லூரி மேட்ச்சில் என்ன செய்திருக்கிறான் என்று பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு ஆட்கள். பெரிய கல்லூரிகள் பள்ளியில் கண்டுகொள்ளாத ஃபெர்னாண்டோ மென்டோஸா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து போர்ட்டலில் வந்து 2025இல் ஹைஸ்மன் வாங்கினார். டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10, ஜனவரியில் மயாமி பல்கலைக்கழகத்தை 27-21, மொத்தம் 16-0, தேசிய சாம்பியன். எலியட் கோட்டுக்கு எங்கேயோ கீழே இருந்து! பத்தொன்பது வயசு ஐந்து ஸ்டாரும் இருபத்துமூன்று வயசு மூன்று ஸ்டாரும் நேருக்கு நேர் மோதினால் நான் பெரியவன் பக்கம்தான் காசு வைப்பேன்.

மஞ்சள்நீலம்

இண்டியானா விஷயம் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதை எல்லோரும் காப்பி அடிக்க முடியும் என்று தோன்றவில்லை. அந்த 13 பேரும் கோச்சின் முறை தெரிந்தவர்கள், சந்தையில் போய் அப்படி ஒரு கூட்டத்தை வாங்க முடியாது.

சிக்னல் விஷயத்துக்கு ஒரே பதில். 2023 ஒஹாயோ ஸ்டேட் மேட்ச்சுக்கு முன்பே, படம் பிடிக்க ஏற்பாடு செய்த அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஹார்பா மைதானத்திலேயே இல்லை. அப்படியும் 30-24.

பணத்துக்கு எங்கள் பக்க உதாரணம் பிரைஸ் அண்டர்வுட். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பரிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், பெல்வில். அங்கே படித்த பையன், 2025 பேட்ச்சின் நம்பர் ஒன் குவார்ட்டர்பேக். லூசியானா ஸ்டேட்டுக்கு (எல்எஸ்யூ) வாக்குக் கொடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. 2024 நவம்பரில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ஆரக்கிள் லாரி எலிசன் வரைக்கும் ஆதரவு கொடுத்ததாகச் செய்தி வந்தது, பத்து மில்லியன் டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. வாய்வார்த்தை கமிட்டுக்கு மதிப்பு இல்லை, டிசம்பர் முதல் வாரம் கையெழுத்து விழுகிற வரை யாரும் யாருடைய பையனும் இல்லை. இதுவும் தெரிந்துகொள்ளுங்கள் புதுசு, சமூக வலைத்தளத்தில் தொப்பி மாட்டிப் போடுகிற படத்தைப் பார்த்து உங்கள் ஆபீஸ்காரர் துள்ளினால் கண்டுகொள்ளாதீர்கள்.

கருஞ்சிவப்பு_ராஜா

அந்தப் பத்து மில்லியன் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டுதானே 2025 நவம்பரில் சொந்த ஊரில் 27-9? மொத்தத் திரியிலும் அந்த ஸ்கோரை நீங்கள் எழுதவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மஞ்சள்நீலம்

கேள்வி நாலு வருஷத்தைப் பற்றி ராஜா, ஐந்தாவது வருஷத்துக்குத் தனித் திரி போடுங்கள்.