கரும்புப் பணத்துக்கு வட்டி கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். விழுப்புரம் பக்கம் அப்பா மூன்று ஏக்கரில் கரும்பு போடுகிறார். பிப்ரவரியில் ஒரு தனியார் ஆலைக்கு வெட்டி அனுப்பினோம், ஐந்து மாதமாகியும் பாதிப் பணம்தான் வந்திருக்கிறது. வெட்டுக்கூலிக்கு வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டுவது நாங்கள்.

1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் சேர்த்து. இதைக் கேட்டு உண்மையிலேயே வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மனுவை முதலில் ஆட்சியரிடம் கொடுப்பதா, சர்க்கரைத் துறை ஆணையருக்கு அனுப்புவதா? எடைச்சீட்டு நகல் மட்டும் போதுமா?

அப்புறம் இன்னொன்று. சர்க்கரைத் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2012இல் அறிக்கை கொடுத்தது, 2013இல் லெவி சர்க்கரையை (ரேஷனுக்காக ஆலைகள் குறைந்த விலையில் அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பங்கு) நீக்கி ஆலைகளின் சுமையைக் குறைத்தார்கள். 2018இல் தமிழ்நாடு வருவாய்ப் பங்கீட்டு முறையை, அதாவது ஆலையின் விற்பனை வருவாயில் ஒரு பங்கைக் கரும்பு விலையாகத் தருவதை, சட்டமாக்கியது; மாநில அரசு தனியாக அறிவித்து வந்த பரிந்துரை விலை போய்விட்டது. ஆனால் எந்த ஆலைக்குக் கரும்பு கொடுப்பது என்பதை மட்டும் இன்றும் நாங்கள் முடிவு செய்ய முடியாது, ஒவ்வொரு ஆலைக்கும் இந்தந்த ஊர் என்று எல்லை பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அதையும் படிப்படியாக எடுக்கச் சொன்னது அதே குழுதான். ஆலைக்குக் கட்டு அவிழ்ந்தது, எங்களுக்கு அவிழவில்லை, இதுதான் அப்பாவுக்கு ஆறவே இல்லை.

வருவாயில் பங்கு என்றால் ஆலை சர்க்கரையை என்ன விலைக்கு விற்றது, ரெக்கவரி (கரும்பிலிருந்து எடுத்த சர்க்கரையின் சதவீதம்) எவ்வளவு என்ற கணக்கை விவசாயி பார்க்க வேண்டாமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அதை வாங்கியவர்கள் இருந்தால், எந்த அலுவலகத்துக்கு எழுதினீர்கள், கேள்வியை எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். மனு மாதிரி இருந்தால் இங்கேயே போடுங்கள், எங்கள் ஊரில் இன்னும் நிறையப் பேருக்கு இதே நிலைதான்.