"கோவம் வந்துச்சு" என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

சயான் கோலிவாடா அக்கா:

என் மகனுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறான். போன மாதம் கட்டடத்துக்குக் கீழே கேரம் ஆடும்போது ஒரு பையன் மேல் ஸ்ட்ரைக்கரை எறிந்துவிட்டான். நெற்றியில் 3 தையல். அந்தப் பையனின் அப்பா போலீஸுக்குப் போவேன் என்று நின்றார், நாங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். வீட்டுக்கு வந்து ஏன்டா எறிந்தாய் என்று எத்தனை முறை கேட்டாலும் "கோவம் வந்துச்சு" என்ற ஒரே பதில்தான். அவன் அப்பா கையை ஓங்கினார், இவன் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினான். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி மாநகராட்சி மருத்துவமனையில் கவுன்சிலிங்குக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "ஏன் என்று கேட்டால் அவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல் ஆகிவிடுகிறான், அந்த நிமிஷம் உடம்பில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்."

ஒரு வாரம் கழித்து இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன் (என் வீட்டுக்காரர் 20 வருடமாகத் தாராவிப் பக்கம் சைக்கிளில் இட்லி விற்கிறார்). அவனாக வந்து துணியின் மறுமுனையைப் பிடித்தான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் முறுக்கிப் பிழிந்தோம். அப்போது கேட்டேன். "காது சுட்டுச்சு. வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றான், அப்புறம் இந்தியில், "ஷரம் ஆயி, அம்மா." அந்தப் பையன் எல்லார் முன்னாலும் "இட்லிவாலே கா பேட்டா" (இட்லிக்காரன் மகன்) என்று கூப்பிட்டிருக்கிறான். வெட்கமா இருந்துச்சா என்றேன், அவனுக்கு வெட்கம் என்றால் கல்யாணப் பெண் தலைகுனிவது மட்டும்தான். அவமானமா என்றேன். "அப்டின்னா?" என்றான். 15 வயசுப் பிள்ளை! விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுதான். ஆனா அப்பாவ நெனச்சு அப்படி ஆயிடுச்சேன்னு அதுவும் அவமானமா இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டான்.

பம்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தெருவில் இந்தி, மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். வீட்டில் தமிழ் என்கிறோம், ஆனால் அந்தத் தமிழ் சாப்பிட்டியா, படிச்சியா, கதவைச் சாத்து என்பதோடு முடிந்துவிடுகிறது. மனசுக்குள் நடப்பதைச் சொல்லும் சொற்களை நான் அவனுக்குக் கொடுக்கவே இல்லை. உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

செம்பூர் டியூஷன் டீச்சர்:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிற 14 பேர் வருகிறார்கள். இன்று மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பையன்களில் பாதிப் பேர் "டென்ஷன்", மீதிப் பேர் "போர்". ஏக்கம், பொறாமை, ஆற்றாமை எதுவும் வராது, ஆனால் மூன்றும் அந்த வகுப்பிலேயே இருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறது.

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை சலோவே, மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்கள். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, பிரித்தறிவது, அதை வைத்து நடந்துகொள்வது என்பதுதான் அதன் சாரம். உங்கள் மகன் துணி பிழியும்போது செய்தது அந்தப் பிரித்தறிதல்தான். 2007இல் லீபர்மன் என்பவரின் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், படத்தில் உள்ள முகத்தின் உணர்வுக்குச் சரியான சொல்லைச் சூட்டும்போது அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு தணிவது தெரிந்தது. பயம், ஆபத்து என்றால் முதலில் துடித்து எழும் பகுதி அது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் யாரையும் அடித்ததே இல்லை. யாருக்கு எங்கே வலிக்கும் என்று அவனுக்கு அத்துப்படி, மெதுவாக ஒரு சொல்லை விடுவான், எதிராளி வெடிப்பான், தண்டனை வெடித்தவனுக்கு. நானே இரண்டு முறை தப்பான பிள்ளையை வெளியே நிற்க வைத்திருக்கிறேன். சீண்டப்பட்டு வெடிக்கும் முரட்டுத்தனம் வேறு, கணக்குப் போட்டுச் செய்யும் முரட்டுத்தனம் வேறு. பிறர் மனசைப் படிக்கத் தெரிவதாலேயே ஒரு பிள்ளை நல்லவனாகிவிடுவதில்லை. உங்கள் மகனைக் கூப்பிட்ட பையனையும் யாராவது உட்கார வைத்துப் பேசினார்களா?

ஆன்டாப் ஹில் 22:

அக்கா, நான் உங்கள் மகன் மாதிரி இருந்தவன். ஹார்பர் லைன் ரயிலில் தோள் இடித்ததற்கெல்லாம் ஒருவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன். பதினொன்றாவதில் டிசி வாங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் பெல்ட் ஒன்றுதான், அதில் நான் கற்றுக்கொண்டது, பெரியவனானால் அடிக்கலாம் என்பது மட்டும்தான்.

என்னை மாற்றியது கபடி சொல்லிக்கொடுத்த அண்ணன். சண்டை போட்டால் திட்டமாட்டார், மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொல்லிக் கூடவே நடப்பார், வாயைத் திறக்கமாட்டார். நாலாவது ஐந்தாவது சுற்றில் நானே பேச ஆரம்பிப்பேன். கொதிக்கும்போது யார் என்ன கேட்டாலும் எனக்குக் காதில் ஏறாது. நீங்கள் ஒரு வாரம் கழித்துக் கேட்டீர்களே, அதனால்தான் அவனுக்குப் பதில் வந்தது என்று நினைக்கிறேன். அன்றைக்கு ராத்திரியே இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கதவைத்தான் உடைத்திருப்பான். நிதானிக்கச் சொல்லும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது ஆகுமாம், இது பின்னால் தெரிந்துகொண்டது. அதற்காக நான் அடித்தது சரி என்று சொல்லவில்லை. ஒருவனுடைய கண்ணாடி உடைந்து ரத்தம் வந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது, அவனை எங்கே போய்த் தேடுவது என்றுகூடத் தெரியவில்லை.

முலுண்ட் அம்மா:

பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகள் கையை நீட்டமாட்டாள், வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிவிட்டு மற்றவர்களையும் பேசவிடாமல் செய்தாள். மூன்று வாரம். அந்தப் பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வெளியே போய்ப் பேசத் தயங்குகிறவர்களுக்கு: 14416, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

சயான் கோலிவாடா அக்கா:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், அந்தப் பையனிடம் யாரும் பேசவில்லை, அது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் அம்மாவைத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தினமும் பார்க்கிறேன், நாளைக்குப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன்.

என் மகன் மன்னிப்புக் கேட்டான், அந்தப் பையன் முகம் கொடுக்கவில்லை. அப்பாவிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார்கள், நான் போகவில்லை. நேற்று மறுபடியும் கதவை அறைந்து சாத்தினான். தம்பி சொன்னது போல் நான் சும்மா இருந்தேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "அம்மா, இது அவமானம் இல்ல. வேற ஏதோ. அதுக்கு என்ன பேரு?" என்றான். இரண்டு பேரும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை.