வாய்க்காலில் மிதக்கும் ஊதாப்பூக் கொடி: வள்ளையா, காட்டாமணக்கா?

கேள்வி: பாமணிக்கரை

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பாமணியாற்றிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அதில் ஒரு கொடி தண்ணீர் மேலேயே படர்ந்து இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. காலையில் வெளிர் ஊதாப் பூ, தொண்டை மட்டும் அடர்ந்த ஊதா. மத்தியானம் போய்ப் பார்த்தால் அத்தனையும் சுருங்கிவிடுகிறது.

என் மாமியார் இது வள்ளைக்கீரை என்று கிள்ளி வந்து பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கிறார். கொழுந்தனார் அதைத் தொட மாட்டேன் என்கிறார். மதகடியில் புதராக நிற்கிற நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே மாதிரிதான் பூக்கிறது, அதைத் தின்ற ஆடு தள்ளாடி விழுந்து செத்தது, இதுவும் அந்த இனம்தான் என்கிறார். கிள்ளினால் பால் வருவதையும் காட்டுகிறார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அப்புறம், கோடையில் இதே கொடி காய்ந்த வாய்க்காலில் பூ இல்லாமல் கிடந்தது. இப்போது மட்டும் ஏன் பூக்கிறது?

பதில்: வடுவூர் ஏரிக்கரை

வள்ளைதான். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சாப்பிடுவோம். பூண்டு, மிளகாய் வற்றல் தாளித்து வதக்கினால் தண்டுதான் ருசி. தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பதில்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

அம்மா, நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆனால் கொழுந்தனார் கேட்பதைத் தள்ளிவிட வேண்டாம். அவர் இரண்டு பூவையும் நன்றாகப் பார்த்திருக்கிறார். வள்ளை ஐப்போமியா அக்வாட்டிகா, நெய்வேலிக் காட்டாமணக்கு ஐப்போமியா கார்னியா. இரண்டும் ஒரே பேரினம். நாம் வேகவைத்துத் தின்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஐப்போமியாதான். ஒன்றில் இலை உணவு, ஒன்றில் கிழங்கு உணவு, ஒன்று நஞ்சு. ஆகவே "அந்த இனம்" என்பதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பூவை வைத்தும் சொல்வது கடினம். இந்தக் குடும்பம் முழுக்க ஒரே அமைப்பு: ஐந்து அல்லி இதழும் இணைந்து ஒரு புனல், அதன் அடியில் ஒட்டி நிற்கும் உயரம் ஒவ்வாத ஐந்து மகரந்தத் தாள்கள், நடுவே சூலகம். மொட்டைப் பார்த்தால் மடக்கிச் சுற்றிய குடை போல இருக்கும். வள்ளைப் பூ 3 முதல் 5 சென்டிமீட்டர், காட்டாமணக்குப் பூ அதைவிடப் பெரியது, கொத்தாக வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும், தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். பாலும் அப்படித்தான், இரண்டிலும் வரும்.

தண்டைப் பாருங்கள். எனக்கு இந்தச் செடியின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அந்தத் தண்டால்தான். ஒரு கொடியை இழுத்துக் கையில் எடுங்கள். கணுவுக்குக் கணு வெள்ளை வேர் தொங்கும். இவை முதல் வேரிலிருந்து வந்தவை அல்ல, தண்டிலேயே பிறக்கும் வேற்றிட வேர்கள். கணுவிடைப் பகுதியைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே குழல். அதில் நிற்கிற காற்றுதான் கொடியை மிதக்க வைக்கிறது. தண்ணீருக்கு அடியில் சேற்றில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. மேலே இலை இருக்கிற இடத்திலிருந்து வேருக்குக் காற்றுப் போக இந்த வெற்றிடம்தான் வழி. ஒரு துண்டு ஒடிந்து நீரோட்டத்தில் போனாலும் அதில் ஒரு கணு இருந்தால் போதும், தட்டுகிற கரையில் வேர் பிடித்துத் தனிக்கொடியாகிவிடும். கல்லணையிலிருந்து முத்துப்பேட்டை வரை நம் ஆறும் வாய்க்காலும் கிளை கிளையாகப் பிரிகிற பூமியில் இதைவிடப் பொருத்தமாக ஒரு செடி அமைய முடியாது என்றே நினைக்கிறேன். வெயிலும் சத்துள்ள தண்ணீரும் சேர்ந்தால் நாளுக்கு 10 சென்டிமீட்டர் வரை நீளும். அதனால்தான் அமெரிக்காவில் இதைத் தடை செய்யப்பட்ட களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தண்டில் குழல் இருப்பதை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். காட்டாமணக்குத் தண்டிலும் குழல் உண்டு. வித்தியாசம் இதுதான்: காட்டாமணக்கு நிற்கும், வள்ளை கிடக்கும். காட்டாமணக்கின் அடித்தண்டு கட்டையாகி, முழங்கால் தண்ணீரிலும் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து வளரும். வள்ளைத் தண்டு கடைசி வரை இளசு, விரலால் ஒடித்தால் பட்டென்று ஒடியும். காட்டாமணக்கு இலை நுனி நீண்ட இதய வடிவம், உள்ளங்கையைவிடப் பெரியது. வள்ளை இலை வழுவழுப்பாக, அம்பு முனை மாதிரி அடியில் இரண்டு காது விட்டிருக்கும். சில கொடியில் இலை அகலம், சிலதில் ஒடுக்கம், அதில் குழம்ப வேண்டாம். காய் முற்றியிருந்தால் சந்தேகமே வராது: காட்டாமணக்கு விதையில் நீளமான பழுப்பு மயிர் பஞ்சாக மூடியிருக்கும்.

ஆடு செத்தது உண்மையாகவே இருக்கும். காட்டாமணக்கில் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு இருக்கிறது. அதைச் செய்வது செடியே அல்ல, செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. ஒரு வாய் தின்றதும் ஆடு விழாது. வேறு பசுமை இல்லாத நாளில் தின்னப் பழகி, வாரக்கணக்கில் தின்றால் நரம்பு செல்கள் கெட்டுத் தலை நடுங்கும், பின்னங்கால் பின்னும், மெலிந்து சாகும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மதகுகளை அடைத்துக்கொண்டிருக்கும் செடி அது. தூர்வாரும்போது வெட்டிய துண்டுகளைக் கரையிலேயே போட்டுவிடுகிறார்கள். அவை மறுபடி வேர் விடுகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதைக்கிறது. வெட்டினால் அப்புறப்படுத்தி உலர்த்தி எரிக்க வேண்டும்.

பூக்கும் காலத்துக்குக் காரணம் பகல் நீளம். வள்ளை குறும்பகல் தாவரம். நம் ஊரில் ஆனியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், மார்கழியில் சுமார் 11 மணி 30 நிமிடம். வித்தியாசம் சிறிதுதான், ஆனால் செடிக்கு அது போதும். ஆனிக்குப் பிறகு குறைந்துகொண்டே வரும் பகல் ஐப்பசியில் போதுமான அளவு குறுகியதும் மொட்டு வைக்கிறது. வாய்க்கால் வற்றிய கோடையில் நீங்கள் பார்த்தது, சேற்றோடு ஒட்டி வேரூன்றி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த கொடி. ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் அதே கொடி மிதக்கத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு காலைதான். வெயில் ஏறுமுன் தேனீ வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு புனல் உள்நோக்கிச் சுருண்டுவிடும்.

பதில்: சிங்கப்பூரில் ஒரு அதிராம்பட்டினத்தான்

சார், இங்கே கங்கோங் என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள். சம்பல் போட்டு வதக்கித் தருவார்கள். ஆனால் இலை ஒல்லியாக, தண்டு பச்சையாக இருக்கிறது. இதுவும் வள்ளையா?

பதில்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்

அதே இனம்தான் தம்பி. கடைக்கு வருவதில் பெரும்பகுதி விதை போட்டு ஈர மண்ணில் வளர்த்து, பூக்கும் முன் பிடுங்குகிற பயிர் வகை. நம் வாய்க்காலில் இருப்பதில் தண்டு செம்மை ஓடிப் பூ ஊதாவாக இருப்பது அதிகம். பச்சைத் தண்டு வகையில் பூ வெள்ளையாக இருக்கும். இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் பேத்தர் ஃபோர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர். அரேபியப் பயணத்தில் 1763-இல் ஏமனிலேயே இறந்துபோனார். அவர் குறிப்புகள் 1775-இல்தான் அச்சில் வந்தன. தன் செடிகளை அச்சில் பார்க்காமலே போன மனிதர்.

பதில்: வேதாரண்யம்

எங்கள் கோடியக்கரை மணலில் படரும் அடப்பங்கொடியும் இதே ஊதாப் பூதானே? அதையும் தின்னலாமா?

பதில்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்

அதுவும் ஐப்போமியாதான், ஆனால் கீரையாகச் சமைக்க வேண்டாம். இலை நுனி இரண்டாகப் பிளந்து ஆட்டுக் குளம்பு போல இருப்பதால் அதை யாரும் வள்ளையோடு குழப்ப மாட்டார்கள். அதன் விதை கடல் நீரில் மிதந்து தூரதேசம் போகும், உப்புக் காற்றிலும் சுடுமணலிலும் தழைக்கும், பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்தும். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அதை வாரி எடுப்பவர்களிடம் தயவு செய்து சொல்லுங்கள், அது குப்பை இல்லை.

பதில்: பாமணிக்கரை

ஐயா, மிக்க நன்றி. தண்டை எடுத்துக் கொழுந்தனாரிடமே காட்டினேன். கணுவெல்லாம் வேர், இலையில் காதும் இருக்கிறது. இப்போது அவர் வேறு சொல்கிறார்: செடி சரி, தண்ணீர் சரியா என்று. மேல்புறம் சம்பா வயல்களிலிருந்து வடிகால் நேராக இந்த வாய்க்காலில்தான் விழுகிறது.

பதில்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்

அவர் இப்போது கேட்டிருப்பதுதான் முக்கியமான கேள்வி. வள்ளை தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வடிகால் விழுகிற இடத்திலும், சாக்கடை கலக்கிற இடத்திலும், பூச்சிமருந்து அடிக்கிற நாட்களிலும் பறிக்க வேண்டாம். எந்தத் தண்ணீரில் விளைந்தாலும் பச்சையாக மெல்லக் கூடாது. நீர்ச்செடிகளில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழுக்களின் கூடுகள் குடலுக்குள் போய்விடும். கொதிக்க வெந்தால் அவை செத்துவிடும், ஆனால் உலோகமும் மருந்தும் வெந்தாலும் போகாது.

உங்கள் மாமியாரின் கூட்டை நிறுத்த வேண்டியதில்லை. கணு மூன்று நான்கு உள்ள துண்டுகளாக நறுக்கி, பழைய சிமென்ட் தொட்டியில் வயல்மண்ணும் மக்கிய சாணமும் போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்த்து ஊன்றுங்கள். போர்த் தண்ணீர் விடுங்கள், கொசு வராமல் இருக்க மண் சேறாக இருந்தால் போதும், தேங்க வேண்டாம். முதலில் வரும் இலைகள் வாய்க்கால் தண்ணீரில் ஊறிய தண்டிலிருந்து வந்தவை, அவற்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த தழைப்பிலிருந்து சமையுங்கள்.